கல்லாறு வரை கூட்டு, அதற்கு மேல் தனி: நீலகிரி ஏறும் சைக்கிளுக்கு எது லாபம்?

கோவையிலிருந்து ஊட்டிக்கு முதல்முறை சைக்கிளில் ஏறத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள்: ஐந்தாறு பேர் கூட்டத்தோடு சேர்ந்து, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி, அவர் தரும் காற்று மறைவில் போவதா (இதுதான் டிராஃப்டிங்), இல்லை தன் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில் தனியாகவே ஏறுவதா? 'டிராஃப்டிங்கில் முப்பது சதவீதம் மிச்சம்' என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அந்த முப்பது எதில் முப்பது, எந்த வேகத்தில், எந்தச் சாலையில் என்று பார்க்காமல் மலைக்கும் அதே கணக்கைப் போட்டுவிடுகிறோம். விளைவு, கூட்டத்தை விட்டுவிடக் கூடாது என்று மிதித்தவர் ஏற்றத்தின் நடுவே உள்ள பர்லியாறு வருவதற்குள் கால் ஓய்ந்து ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்.

முழுப் பயணத்துக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வரை சமவெளி, அங்கிருந்து குன்னூர் வழியாக ஏற்றம் என்று சாலையின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக முடிவெடுக்கலாம். அதற்கான கணக்கும் நடைமுறையும் கீழே.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் வேகம். அதே உழைப்புக்கு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது.

இரண்டாவது, உழைப்பின் சீர்மை. இரண்டரை மணி நேர ஏற்றத்தில் சராசரி வாட் (மிதிக்கும் சக்தியின் அளவு) எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு ஏறி இறங்கியது என்பதுதான் கடைசி ஐந்து கிலோமீட்டரைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது பாதுகாப்பு: பேருந்து, குழி, கொண்டை ஊசி வளைவு, யானை நடமாட்டம் எல்லாம் இதில் அடக்கம். நான்காவது, கண்ணில் படாத செலவுகள்: காத்திருப்பு, பஞ்சர், கவனச் சோர்வு. ஐந்தாவது, கூட்டத்தில் ஓட்டும் பழக்கம் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்பது. இந்த ஐந்தில் முதலாவதை மட்டும் பேசி மற்ற நான்கை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

## காற்றுக் கணக்கு

மிதிக்கும் சக்தி மூன்று வேலைகளுக்குப் போகிறது: காற்றைக் கிழிக்க, டயர் உருள, எடையை மேலே தூக்க. டிராஃப்டிங் முதல் வேலையில் மட்டும்தான் கை வைக்கும். டயருக்கும் மலைக்கும் முன்னால் யார் போகிறார்கள் என்பது பற்றிக் கவலையில்லை.

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிப்படி கூடும்; அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடிப்படி கூடும். வேகம் இரட்டித்தால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு வாட் வேண்டும். ஆகவே 30 கி.மீ. வேகத்தில் பெரிய தொகையாக இருக்கும் காற்றுச் செலவு, 10 கி.மீ. வேகத்தில் அதன் இருபத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

எண்களாகப் பார்ப்போம். ஓட்டுநரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, பிரேக் லீவர் மேல் கை வைத்து நிமிர்ந்தாற்போல் உட்காரும் நிலை, சாதாரண ரோடு டயர் என்று வைத்துக்கொண்டு, கோவைச் சமவெளியின் காற்று அடர்த்தியில் கணக்கிட்டால், 30 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 148 வாட் தேவை. அதில் 115 வாட் காற்றுக்கு, 33 வாட் டயருக்கு. ஒருவர் பின்னால் ஒட்டிப் போகும்போது காற்று எதிர்ப்பு 30 சதவீதம் குறைகிறது என்று அடக்கமாகவே எடுத்துக்கொண்டாலும் 35 வாட் மிச்சம். மொத்தத்தில் இது 23 சதவீதம்.

1990இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, சாலையிலேயே ஓட்டுநர்களின் ஆக்சிஜன் செலவை அளந்தது. 32 கி.மீ. வேகத்தில் ஒருவர் பின்னால் போனால் 18 சதவீதமும், 40 கி.மீ. வேகத்தில் 27 சதவீதமும் குறைந்தது. எட்டுப் பேர் கூட்டத்தின் பின்னால் 40 கி.மீ. வேகத்தில் 39 சதவீதம். 2018இல் பெர்ட் பிளாக்கன் குழு 121 ஓட்டுநர் கொண்ட பெலோட்டானை (போட்டியில் நெருங்கிப் போகும் பெருங்கூட்டத்தை) ஆராய்ந்தபோது, நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவருக்குத் தனியாளின் காற்று எதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்று கண்டது. அது மூடிய சாலையில், நெருக்கிய கூட்டத்தில், தொழில்முறை ஓட்டுநர்களுக்கு. மேட்டுப்பாளையம் சாலையில் ஆறு பேருக்கு அந்த எண் பொருந்தாது.

இப்போது அதே ஆளைக் குன்னூர் ஏற்றத்தில் வையுங்கள். 6 சதவீதச் சரிவில் 10 கி.மீ. வேகத்துக்கு 146 வாட் வேண்டும். கிட்டத்தட்ட அதே உழைப்பு. ஆனால் 131 வாட் எடையைத் தூக்கவே போய்விடுகிறது. காற்றுக்குப் போவது 4 வாட். அதில் 30 சதவீதம் என்றால் 1.2 வாட். அந்த வேகத்தில் முக்கால் லிட்டர் தண்ணீரை மேலே சுமப்பதற்கு ஆகும் வாட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

| சாலை | வேகம் | தேவைப்படும் வாட் | பின்னால் போனால் மிச்சம் |
|---|---|---|---|
| கோவை–மேட்டுப்பாளையம் சமவெளி, காற்றில்லாத காலை | 30 கி.மீ. | 148 | 35 வாட் (23%) |
| குன்னூர் ஏற்றம், 6% சரிவு | 10 கி.மீ. | 146 | 1.2 வாட் (1%க்கும் கீழ்) |
| அதே ஏற்றம், நன்கு பயிற்சி பெற்றவர் | 15 கி.மீ. | 226 | 4 வாட் (2%) |
| கல்லட்டி (மசினகுடி–ஊட்டி பாதை) போன்ற 12% சரிவு | 5.5 கி.மீ. | 150 | 0.2 வாட் |
| ஊட்டி–பைக்காரா புல்வெளி, 15 கி.மீ. எதிர்காற்று | 20 கி.மீ. | 110 | 26 வாட் (24%) |

கடைசி வரிசையைக் கவனியுங்கள். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கோவையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆகவே மறைவின் மதிப்பும் அந்த அளவு குறையும். இருந்தும் திறந்த புல்வெளியில் எதிர்காற்று அடிக்கும்போது, 20 கி.மீ. வேகத்திலேயே சமவெளிக்கு நிகரான ஆதாயம் கிடைக்கிறது. மலை என்பதற்காக டிராஃப்டிங் வீண் என்று சொல்லிவிட முடியாது. சாலை மட்டமா, காற்று எதிரே அடிக்கிறதா என்பதே கேள்வி.

## முதல் வழி: கூட்டாக, வரிசையில்

வேகம். நான்கு பேர் மாறி மாறி முன்னால் இழுத்தால் 33 கி.மீ. வேகத்துக்கு முன்னால் இருப்பவருக்கு 190 வாட், பின்னால் இருப்பவருக்கு 144 வாட். எல்லோரும் சமமாக முறை எடுத்தால் ஆளுக்குச் சராசரி 155 வாட். அதே 155 வாட்டில் தனியாகப் போகிறவர் 30.5 கி.மீ.தான் எட்டுவார். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 36 கி.மீ. என்று கொண்டால் மிச்சம் ஐந்தரை நிமிடம். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை நெரிசல் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஐந்தரை நிமிடம்தானா என்று தோன்றலாம். வேகத்தைக் கூட்டாமல் அதே 30 கி.மீ.யிலேயே போய், உழைப்பைக் குறைத்துக்கொள்வதுதான் மலையேறப் போகிறவருக்குப் புத்திசாலித்தனம். நான்கு பேர் முறை மாற்றி 30 கி.மீ.யில் போனால் சராசரி 122 வாட்டில் கல்லாறு வந்துவிடலாம். தனியாக வந்தால் 148. கால் புதிதாக இருக்கும்போதே ஏற்றம் தொடங்கும். நேரத்தைவிட இந்த மிச்சம் பெரியது.

முறை மாற்றுவது. முன்னால் இருப்பது ஒன்று முதல் இரண்டு நிமிடம் போதும். மாறும் முன் பின்னால் திரும்பிப் பார்த்து, வண்டி வரவில்லை என்றால் மட்டும் வரிசையிலிருந்து அரை மீட்டர் விலகி, மிதிப்பதை நிறுத்தாமல் ஒன்றிரண்டு கி.மீ. வேகம் குறைத்தால் போதும். வரிசை தானாகத் தாண்டிவிடும். எந்தப் பக்கம் விலகுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். புதிதாக முன்னால் வந்தவர் செய்யும் முதல் தவறு, உற்சாகத்தில் வேகம் கூட்டுவது. கடைசியில் இருப்பவர் அந்த இடைவெளியை மூட வேண்டும். 25 கி.மீ.யிலிருந்து 30க்கு ஐந்து நொடியில் எகிற 80 கிலோவுக்குக் கூடுதலாக 170 வாட் தேவைப்படும். இப்படிப் பத்து முறை இழுபட்டால், காற்றில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும். கடைக்கோடியில் இருப்பவர் தனியாக வந்திருந்தால்கூட இவ்வளவு சோர்ந்திருக்க மாட்டார்.

காரமடை போன்ற நெரிசலில் முறை மாற்றவே வேண்டாம். சிக்னலில் நின்று கிளம்பும்போது மாற்றிக்கொள்ளலாம்.

இடைவெளி. பழகியவர்கள் அரை மீட்டரில் போவார்கள். பழக்கமில்லை என்றால் ஒன்றரை, இரண்டு மீட்டர் விடுங்கள். ஆதாயத்தில் பாதிக்கு மேல் அப்போதும் கிடைக்கும். பார்வை முன்னவரின் சக்கரத்தில் பதியக் கூடாது. அவர் தோளையும் அதற்கு அப்பாலுள்ள சாலையையும் பாருங்கள். நெருங்கிவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள். மிதியை லேசாக்குங்கள், உடலை நிமிர்த்திக் காற்று வாங்குங்கள். வேகம் தானாகக் குறையும். வரிசை நடுவில் ஒருவர் பிரேக் பிடித்தால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் அதைவிடக் கடுமையாகப் பிடிக்க வேண்டிவரும்.

உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்பதை எப்போதும் தவிர்க்க வேண்டும். இரண்டும் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான். ஹேண்டிலைத் திருப்பித்தான் சைக்கிளில் சமநிலை காக்கிறோம். முன்சக்கரம் ஒருபக்கம் முட்டி நிற்கும்போது அந்தத் திருப்பம் கிடைக்காது.

பக்கக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று கோவைச் சமவெளியில் பலமாக அடிக்கும். மேட்டுப்பாளையம் சாலையோ வடக்கு நோக்கிப் போகிறது. ஆக, போகும்போது காற்று இடப்பக்கம். அப்போது மறைவு நேர் பின்னால் இருக்காது, வலப்பக்கம் தள்ளிப் பின்னால் இருக்கும். அங்கேதான் லாரியும் பேருந்தும் ஓடுகின்றன. திரும்பி வரும்போது காற்று வலப்பக்கம். மறைவு இடப்பக்க ஓரத்தில், மணலும் தார் விளிம்பும் இருக்கும் இடத்தில். மூடிய சாலைப் போட்டியில் சாய்வு வரிசை போட்டுச் சமாளிக்கலாம். பொதுச் சாலையில் அதைச் செய்யவே கூடாது. இந்த மாதங்களில் நேர் வரிசையிலேயே போய், கிடைக்கிற சிறு மறைவோடு திருப்திப்பட வேண்டும். மறைவு தேடிச் சாலை நடுவுக்கு நகர்வது உயிரோடு விளையாடுவது.

பேருந்துக்குப் பின்னாலோ லாரிக்குப் பின்னாலோ ஒட்டுவதும் அப்படித்தான். முன்னால் ஒன்றும் தெரியாது. குழி, வேகத்தடை, திடீர் நிறுத்தம் எல்லாம் சக்கரத்துக்கு அடியில் வந்த பிறகே தெரியும்.

கண்ணில் படாத செலவு. பஞ்சர் ஆளுக்கு ஆள் பெருகும். ஆறு பேர் போனால் பன்னிரண்டு டயர். யாருக்குப் பஞ்சர் ஆனாலும் எல்லோரும் நிற்க வேண்டும். டியூப் மாற்றப் பத்து நிமிடம் என்றால், சமவெளியில் சேமித்த ஐந்தரை நிமிடம் போய், மேலும் நாலரை நிமிடம் கடனாகிறது. டீக்கடை நிறுத்தமும் அப்படியே நீளும். பின்னால் போகிறவருக்கு உடலில் காற்றுப் படுவது குறைவு. ஏப்ரல், மே வெயிலில் வியர்வை காயாமல் சூடு ஏறும், தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும். மழையில் முன்சைக்கிள் வாரியடிக்கும் சேறு நேராக முகத்துக்கும் தண்ணீர் பாட்டில் வாய்க்கும் வரும். மட்கார்டு இல்லாத சைக்கிளின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனச் சோர்வு. ஒரு மணி நேரம் அரை மீட்டர் இடைவெளியைக் காப்பது மூளைக்குக் கடும் வேலை. 'குழி!', 'பிரேக்கு!', 'பின்னாடி வண்டி!' என்று முன்னவர் குரல் கொடுக்க வேண்டும். அது கடைசி ஆள்வரை கைமாறிப் போக வேண்டும். குரல் கொடுக்காத கூட்டத்தில் டிராஃப்டிங் செய்வதைவிடத் தனியாகப் போவது மேல்.

எப்போது இது சரி: சமவெளி, 25 கி.மீ.க்கு மேல் வேகம், எதிர்காற்று, ஏறக்குறைய சமபலம் உள்ள மூன்று முதல் ஆறு பேர். 200 கி.மீ. ப்ரெவே போன்ற 13 மணி 30 நிமிடக் கெடு உள்ள பயணத்தில், கூட ஓட்டுகிறவர்களோடு சேர்ந்து போவதால் நாள் முழுக்கக் கிடைக்கும் மிச்சம் மிகப் பெரியது.

## இரண்டாம் வழி: தனியாக

சமவெளியில் தனியாகப் போகிறவர் காற்றின் முழு விலையையும் கொடுக்கிறார். அது மேலேயே பார்த்தாயிற்று. கைகளைக் கீழ்ப்பிடிக்கு இறக்கி, முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தினால் அந்த விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். காற்றில் படபடக்கும் தளர்ந்த ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைப்பதும் பலன் தரும்.

ஏற்றத்தில் நிலைமை தலைகீழ். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை 5 முதல் 6 சதவீதச் சராசரிச் சரிவில் இருபத்தைந்து கி.மீ. சொச்சம், 14 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே முடிவு செய்வது எடைக்கு எத்தனை வாட் என்ற விகிதம்தான். இதை விளக்க ஒரு கணக்கு: 60 கிலோ ஆளும் 80 கிலோ ஆளும், இருவருமே 200 வாட் கொடுக்கிறார்கள், சைக்கிள் 10 கிலோ. சமவெளியில் இருவருக்கும் வித்தியாசம் அரை கி.மீ. வேகம்தான், பெரிய உடம்புக்குக் காற்று கொஞ்சம் அதிகம் என்று சேர்த்தாலும் ஒரே வரிசையில் சுகமாகப் போகலாம். 6 சதவீத ஏற்றத்தில் ஒருவர் 14.9 கி.மீ., மற்றவர் 12 கி.மீ. இருபத்தைந்து கி.மீ. முடிவில் வித்தியாசம் 24 நிமிடம். இவர்களைச் சேர்த்துக் கட்டினால் ஒன்று கனமானவர் தன் சக்திக்கு மீறி மிதித்து, குன்னூருக்குக் கீழே உள்ள காட்டேரி என்ற இடம் வருவதற்குள் தீர்ந்துபோவார், இல்லை மெலிந்தவர் தன் இயல்பான சுழற்சியை இழந்து, வளைவுக்கு வளைவு நின்று குளிரில் உடம்பு ஆறி, மறுபடி சூடேற்ற வேண்டியிருக்கும். சேர்ந்திருப்பதால் கிடைக்கும் ஒன்றே கால் வாட்டுக்கு இது மிக மோசமான பேரம்.

தனியாக ஏறும்போது முதல் இருபது நிமிடம் 'இது ரொம்ப லேசாக இருக்கிறதே' என்று தோன்றும் வேகத்தில் போங்கள். முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முன்பல்சக்கரத்தில் 34 பல், பின்சக்கரப் பல்தொகுதியான கேசட்டில் பெரியதில் 28 பல் என்றால், நிமிடத்துக்கு 60 சுற்றில் சுமார் 9 கி.மீ. வேகம். அதற்குக் கீழே போனால் முழங்கால்தான் விலை கொடுக்கும். 34 பல் கேசட் போட்டுக்கொண்டால் அதே சுற்றில் 7.5 கி.மீ. வரை இறங்கலாம். முதல்முறை ஏறுகிறவர் டிராஃப்டிங் பற்றி யோசிக்கும் நேரத்தில் இந்தக் கேசட்டை மாற்றினால் பத்து மடங்கு பலன்.

சக்கரம் பிடிப்பதன் ஆபத்து ஏற்றத்தில் கூடும். மெதுவான வேகத்தில் சைக்கிள் வளைந்து நெளியும். களைத்தவர் சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும் கணத்தில் அவர் சைக்கிள் பின்னோக்கி உதறும். பின்னால் ஒட்டி வருகிறவரின் முன்சக்கரத்தில் அது மோதும். 10 கி.மீ. வேகத்தில் விழுந்தால் சிராய்ப்புதான் என்று நினைக்கலாம். பின்னால் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு பேருந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது. எழுந்து மிதிப்பதாக இருந்தால் எழுவதற்கு முன் ஒரு கியர் கடினமாக்கி, மிதி கீழே அழுத்தப்படும்போது எழ வேண்டும். உதறல் குறையும்.

பேருந்து ஓட்டுநருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆறு சைக்கிள் அரை மீட்டர் இடைவெளியில் போனால் வரிசை 13 மீட்டர், ஒரு பேருந்தைவிட நீளம். மலைப்பாதையில் அதைத் தாண்ட அவருக்கு நேர்ச்சாலை கிடைப்பதில்லை. ஆளுக்கு ஆள் 30, 40 மீட்டர் விட்டுப் போனால் ஒவ்வொருவராகத் தாண்டி, நடுவில் ஒதுங்கிக்கொள்வார்.

தனிமையின் செலவு. இரண்டு டியூப், டயர் லீவர் இரண்டு, பம்ப், ஒட்டுத்துண்டு, செயின் இணைப்பு, ஆலன் கீ எல்லாம் உங்கள் பையில்தான். மழைச்சட்டையும். மணிக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீர், 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் இரண்டு ஏறக்குறைய அதற்கு ஈடு. பர்லியாற்றில் பழக்கடைகள் உண்டு. குரங்குகளும் உண்டு, பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வளைவுகளில் கைபேசிச் சிக்னல் விட்டு விட்டு வரும்.

இன்னொன்று: கல்லாறுக்கும் பர்லியாறுக்கும் இடைப்பட்ட பகுதி யானைகள் கடக்கும் வழி. விடியும் முன் அங்கே தனியாகப் போவது சரியல்ல. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு ஏறுங்கள். இந்த ஒரு துண்டில் கூட்டத்துக்கு வேறொரு மதிப்பு இருக்கிறது. காற்றுக்காக அல்ல, ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் இருப்பதற்காக.

எப்போது இது சரி: 4 சதவீதத்துக்கு மேல் ஏற்றம், வேகம் 15 கி.மீ.க்குக் கீழ், கூட வருகிறவர்களின் பலம் வெவ்வேறு. சீசனில் சுற்றுலா வண்டி நெருக்கும்போதும் அப்படியே.

## மூன்றாம் வழி: சேர்ந்து கிளம்பி, கல்லாற்றில் பிரிந்து, குன்னூரில் கூடுவது

பெரும்பாலானவர்களுக்கு இதையே சொல்வேன்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை வரிசையில், 26 முதல் 30 கி.மீ. வேகத்துக்குள். பலசாலிகள் நீண்ட முறை எடுக்கட்டும்; பலம் குறைந்தவர்கள் அரை நிமிடம் எடுத்தால் போதும், எடுக்காமலே பின்னால் வந்தாலும் குற்றமில்லை. அவர்களைக் கல்லாறு வரை களைப்பில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அன்றைய வரிசையின் வேலை. பவானி பாலம் தாண்டி, கோத்தகிரி பிரிவையும் கடந்து, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே மட்டமாக ஓடும் சாலையிலும் வரிசை நீடிக்கலாம். ஏற்றம் தொடங்கும் இடத்தில் கலைந்துவிட வேண்டும்.

கலைவதற்கு முன் மூன்று விஷயம் பேசி முடியுங்கள். எங்கே கூடுவது: பர்லியாற்றில் ஒருமுறை, குன்னூரில் ஒருமுறை. கடைசி ஆள் யார்: பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர், பம்ப் வைத்திருப்பவர் பின்னால் வரட்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது: பர்லியாற்றில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், வியர்த்த உடம்பு குளிர்ந்துவிடும். குன்னூரில் முதலில் வந்தவர்கள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, டீயும் வர்க்கியும் சாப்பிட்டபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஏறும்போது ஏறக்குறைய ஒரே வேகம் உள்ள இருவர் அமைந்தால், ஒருவர் பின் ஒருவராக மூன்று நான்கு மீட்டர் விட்டுச் சேர்ந்து போகட்டும். காற்றில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் முன்னால் ஒருவர் சீராக மிதிப்பதைப் பார்த்துக்கொண்டே போனால் தன் வேகமும் சீராக நிற்கும். இந்த மனத்துணையை எந்த வாட் கணக்கிலும் அடக்க முடியாது, ஆனால் உண்மை.

குன்னூரிலிருந்து ஊட்டி வரை மீதி 18 கி.மீ. ஏறியும் தணிந்தும் போகும். தணியும் இடத்தில் மறைவு ஓரளவு உதவும். ஏறும் இடத்தில் இல்லை. இருட்டுவதற்கு நேரமிருந்தால் இங்கேயும் பிரிந்தே போகலாம். மறுநாள் பைக்காரா பக்கம் போவதாக இருந்தால் திரும்பவும் வரிசை கட்டுங்கள். வென்லாக் புல்வெளியை ஒட்டிய திறந்த சாலையில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை.

இந்த வழியின் குறை ஒன்று. குன்னூரில் கூடும் நேரம் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரு மணி நேரம்கூட வேறுபடும். அன்றே இறங்கித் திரும்ப வேண்டும் என்று திட்டமிட்டிருந்தால் அது இடிக்கும். ஆறு பேரின் பலமும் மிகவும் வேறுபட்டால், மெதுவானவர்கள் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, நன்றாக வெளிச்சம் வரும்போது கல்லாற்றில் இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

## இறக்கம்: இங்கே விவாதமே இல்லை

இறங்கும்போது யார் பின்னாலும் ஒட்டாதீர்கள். 6 சதவீத நேர் இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் தனியாள் 55 கி.மீ. வேகம்வரை எட்டுவார், பின்னால் மறைவில் இருப்பவருக்கு அதே இடத்தில் 65ஐத் தாண்டும். அதாவது பின்னால் இருப்பவர் தானாகவே முன்னவர் மேல் போய் விழுவார். அதைத் தடுக்க ஓயாமல் பிரேக் பிடிக்க வேண்டும். மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11 மீட்டர். முன்னவர் தடுமாறுவதைப் பார்த்து விரல் லீவரை அழுத்த ஒரு நொடி ஆகும் என்றால், பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே 11 மீட்டர் ஓடியிருக்கும். நேர்ச்சாலையில் குறைந்தது 20 மீட்டர், வளைவில் அதைவிடக் கூடுதல் இடைவெளி வேண்டும். மழையில் அதையும் இரட்டியுங்கள். ரிம் பிரேக் நனைந்திருந்தால் முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும். டிஸ்க் பிரேக் சைக்கிள் சீக்கிரம் நின்றுவிடும், ரிம் பிரேக்காரர் நிற்க மாட்டார். ஆகவே டிஸ்க் வைத்திருப்பவருக்குப் பின்னால் ரிம் பிரேக்காரர் நெருங்கவே கூடாது.

30 கி.மீ. வேகத்தில் அப்படியே பிரேக் பிடித்தபடி இறங்கினால் 250 வாட் வெப்பம் ரிம்மிலோ டிஸ்க்கிலோ ஏறிக்கொண்டே இருக்கும். வளைவுக்கு முன் நேர்ச்சாலையில் அழுத்தமாகப் பிடித்து வேகம் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிட வேண்டும். அடுத்த நேர்ச்சாலையில் காற்று அந்தச் சூட்டை ஆற்றும். கூட்டத்தில் ஒட்டி இறங்குகிறவருக்கு இப்படி விட்டுவிடும் வாய்ப்பே கிடைக்காது. கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் இந்த மலைக்கு அலுமினிய ரிம்மோடு வருவது நல்லது. ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை முறை என்பதால், குறுகிய இடத்தில் நின்று ஒதுங்க வேண்டியது இறங்குகிற நீங்கள்தான். ஆறு பேர் ஒட்டி இறங்கினால் ஆறு பேருக்கும் ஒதுங்க இடமிருக்காது.

## யாருக்கு எது

முதல்முறை ஊட்டி ஏறுகிறவர், கூட்டத்தில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்: சமவெளியிலும் இரண்டு மீட்டர் விட்டு வரிசையின் கடைசியில் வாருங்கள். கல்லாற்றில் பிரியுங்கள்.

கடிகாரம் பார்த்து, வேகமாக ஏற நினைப்பவர்: கல்லாறு வரை முறை எடுக்காமல் மறைவிலேயே வருகிறேன் என்று நண்பர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லாற்றிலிருந்து தனியாக, தண்ணீர் பர்லியாறு வரைக்கும் போதுமான அளவு மட்டும். டூர் ஆஃப் நீலகிரிஸ் போன்ற பல நாள் பயணத்துக்குத் தயாராகிறவர்கள் இரண்டையும் பழக வேண்டும். மைசூர் பக்கத்துச் சமவெளி நாட்களில் வரிசையும், மலை நாளில் தனி வேகமும் தேவைப்படும்.

கோத்தகிரி வழியாக ஏறுகிறவர்: கணக்கு அதேதான். குன்னூர் சாலையைவிட வண்டிகள் குறைவு என்பதால் இருவர் இருவராக ஏற வசதி. ஆனால் சீசன் மாதங்களில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளை அந்த வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். அப்போது எதிரே வரிசையாக வண்டி வரும், ஓரத்தை விடாதீர்கள்.

கல்லட்டி: மசினகுடி பக்கத்திலிருந்து ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகள், சில இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டும் சரிவு. டிராஃப்டிங் பற்றிப் பேச்சே இல்லை. வளைவின் உட்பக்கம் செங்குத்து. எதிரே வண்டி இல்லை என்று காதும் கண்ணும் உறுதி சொன்னால் மட்டும் வெளிப்பக்கமாக அகலமாக எடுங்கள், சரிவு குறையும். காட்டுப் பகுதி என்பதால் தனியாகப் போகாதீர்கள். இருவராக, ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரத்தில், பகல் வெளிச்சத்தில், சோதனைச் சாவடியில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். இறங்குவதற்கு அந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வெளியூர் வண்டிகள் அதில் இறங்கப் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு இருப்பது பிரேக் செயலிழந்த விபத்துகளால்தான்.